விண்ணப்பத்தில் எந்த எச்-இண்டெக்ஸை எழுதுவது?

குடுவை250 | திங்கள், இரவு 9.42

வணக்கம். அடுத்த படிநிலைக்கு விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருக்கிறேன். நான்காம் பக்கத்தில் மூன்று கட்டங்கள்: மொத்தக் கட்டுரைகள், மொத்த சைட்டேஷன் (நம் கட்டுரைகள் மேற்கோள் காட்டப்பட்ட எண்ணிக்கை), எச்-இண்டெக்ஸ் (எச் 7 என்றால், குறைந்தது 7 சைட்டேஷனாவது பெற்ற கட்டுரைகள் 7 உண்டு என்று பொருள்). எந்தத் தளத்தைப் பார்த்து எழுத வேண்டும் என்று ஒரு வார்த்தைகூட இல்லை.

என் துறை ஆர்கானிக் சிந்தஸிஸ், அதாவது கரிமச் சேர்மங்களைப் படிப்படியாகச் செய்யும் வேதியியல். பிஎச்.டி. முடித்து எட்டு வருடம் ஆகிறது. கூகுள் ஸ்காலர் காட்டுவது 12 கட்டுரை, 222 சைட்டேஷன், எச் 7. ஸ்கோபஸில் 11 கட்டுரை, 163 சைட்டேஷன், எச் 6. வெப் ஆஃப் சயின்ஸில் 9 கட்டுரை, 131 சைட்டேஷன், எச் 5. எழுதியது என்னவோ ஒரே ஆள்தான்.

பக்கத்து லேபில் இருப்பவர், "பெரியதைப் போடுங்கள், யாராவது கேட்டால் பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார். அப்படிப் போட மனம் வரவில்லை. சின்னதைப் போட்டு வாய்ப்பை இழக்கவும் மனமில்லை.

ஒவ்வொரு கட்டுரைக்கும் எத்தனை சைட்டேஷன் என்று ஸ்காலரில் இருக்கும் வரிசையை அப்படியே தருகிறேன்: 96, 41, 23, 18, 12, 9, 7, 7, 5, 3, 1, 0. முதலில் நிற்கும் 96 ஒரு ரிவ்யூ, மற்றவர்கள் செய்த வேலைகளைத் தொகுத்து எழுதும் கட்டுரை. பிஎச்.டி. கடைசி வருடத்தில் கைடு எழுதச் சொல்லி எழுதியது. அதற்காக ஒரு வேதிவினைகூட நான் செய்து பார்க்கவில்லை. அதுதான் எனக்கு உறுத்தல்.

மூன்றாம்_ரிவ்யூவர் | திங்கள், இரவு 10.05

எதை எழுதினாலும் குழுவில் ஒருவர் லேப்டாப்பைத் திறந்து உங்கள் பெயரைத் தட்டிப் பார்க்கத்தான் போகிறார். அவர் திறக்கும் தளம் எதுவோ அதுதான் உங்கள் எச். நிம்மதியாகத் தூங்குங்கள்.

நூலகவாசி | திங்கள், இரவு 10.51

ரிவ்யூவர் சொல்வதில் பாதி சரி. மீதிப் பாதிக்கு நான் பதில் சொல்கிறேன். பல்கலைக்கழக நூலகத்தில் இந்த வேலையைத்தான் வருடக்கணக்காகச் செய்துகொண்டிருக்கிறேன்.

மூன்று தளமும் மூன்று விதமாகக் கணக்குப் பார்க்கின்றன. கூகுள் ஸ்காலர் ஒரு இயந்திரம். கட்டுரை மாதிரி இருக்கும் எதையும் விழுங்கிவிடும்: ஆய்வேடு, ப்ரீபிரிண்ட், மாநாட்டுச் சுருக்கம், சில நேரம் வகுப்புக் குறிப்பு கூட. ஸ்கோபஸும் வெப் ஆஃப் சயின்ஸும் தேர்ந்தெடுத்த ஜர்னல்களை மட்டும் எடுத்துக்கொள்பவை. வெப் ஆஃப் சயின்ஸ் மூன்றில் பழையது. 1964இல் யூஜின் கார்ஃபீல்டு கொண்டுவந்த சயின்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸின் வாரிசு அது. கார்ஃபீல்டு படித்தது வேதியியல். ஒரு வழக்குத் தீர்ப்பைப் பின்னால் எந்தெந்தத் தீர்ப்புகள் எடுத்தாண்டன என்று காட்டும் சட்டப் புத்தகம் ஒன்று அமெரிக்காவில் இருந்தது. அதைப் பார்த்துத்தான், அறிவியலுக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று 1955இல் எழுதினார். அவர் தேடியது, ஒரு கட்டுரையைப் பிடித்துக்கொண்டு அதற்குப் பிந்தைய கட்டுரைகளுக்குப் போக ஒரு வழி. ஆளுக்கு மார்க் போடுவதெல்லாம் பின்னால் வந்து சேர்ந்தது.

சரி, உங்கள் கேள்விக்கு வருவோம். எண்ணோடு தளத்தின் பெயரையும் பார்த்த தேதியையும் எழுதுங்கள். "ஸ்கோபஸ், இன்ன தேதி, 11 / 163 / 6." அவ்வளவுதான். கட்டுரை எண்ணிக்கையை ஒரு தளத்திலிருந்தும் எச்சை இன்னொரு தளத்திலிருந்தும் எடுத்து எழுதாதீர்கள். அதைக் கண்டுபிடிக்க இரண்டு நிமிடம் போதும். கண்டுபிடித்துவிட்டால் மற்ற பக்கங்களையும் சந்தேகத்தோடு புரட்டுவார்கள்.

வெப் ஆஃப் சயின்ஸில் மூன்று கட்டுரை குறைகிறதே, அதை முதலில் பாருங்கள். ஒரு கட்டுரையில் இனிஷியல் முன்னால், இன்னொன்றில் பின்னால், மூன்றாவதில் முழுப்பெயர் என்று போட்டிருந்தால் தளம் உங்களை இரண்டு ஆளாகப் பிரித்திருக்கும். ஆய்வாளருக்கு என்று தரும் தனி அடையாள எண், ஆர்கிட் எண், இருக்கிறதா?

குடுவை250 | திங்கள், இரவு 11.20

ஆர்கிட் எண் இருக்கிறது. 16 இலக்கமும் மனப்பாடம். ஆனால் அந்தப் பக்கத்தில் ஒரு கட்டுரையும் சேர்த்ததில்லை. இனிஷியல் விஷயம் நீங்கள் சொன்ன மாதிரியேதான். முதல் இரண்டு கட்டுரைகளில் கைடு ஒரு விதமாகப் போட்டார், பிஎச்.டி.க்குப் பிறகு போஸ்ட்டாக் ஆய்வுக்குப் போன இடத்தில் வேறு விதமாகப் போட்டார்கள்.

நானோவாசி | செவ்வாய், காலை 7.15

கொஞ்சம் கசப்பாகச் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். எட்டு வருடத்துக்கு எச் 7 என்பது குறைவு. நான் ஐந்து வருடமாக பெரோவ்ஸ்கைட் என்ற படிகப் பொருளை வைத்து சோலார் செல் செய்கிறேன், எச் 19. எண் அநியாயம் என்று புலம்புவதை எல்லா இடத்திலும் பார்க்கிறேன். எண் இல்லாத காலத்தில் என்ன நடந்தது? யாருடைய மாணவன், யாருக்குத் தெரிந்தவன் என்று பார்த்துத்தான் வேலை கொடுத்தார்கள். பெரிய ஆள் கைகொடுக்காத என்னைப் போன்றவர்களுக்கு எண்தான் துணை.

சிலிக்கா_ஜெல் | செவ்வாய், காலை 8.40

நானோவாசி, கடைசி இரண்டு வரியை நான் முழுசாக ஒப்புக்கொள்கிறேன். சிபாரிசு நாட்களைப் பார்த்தவன் நான்.

ஆனால் 19ஐயும் 7ஐயும் ஒரே தராசில் வைக்காதீர்கள். உங்கள் துறை எப்படி ஓடுகிறது என்று பாருங்கள். 2009இல் மியாசாகா குழு பெரோவ்ஸ்கைட்டை வைத்து 3.8 சதவீதத் திறன் காட்டிய கட்டுரை வந்தது. இரண்டு மூன்று வருடம் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. 2012இல் திடநிலை செல்கள் வந்ததும் உலகத்தில் பாதி லேப் அதில் இறங்கியது. ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் எழுதும் இடத்தில் ஒவ்வொருவரும் ஐம்பது பேரை மேற்கோள் காட்டுவார்கள். போன வருடம் வந்ததற்கே இந்த வருடம் முப்பது சைட்டேஷன் விழும்.

சிந்தஸிஸ் அப்படி ஓடாது. வைட்டமின் பி12ஐச் செயற்கையாகச் செய்ய உட்வர்டும் எஷென்மோசரும் இரண்டு லேபாகச் சேர்ந்து பத்து வருடத்துக்கு மேல் உழைத்து 1972இல் முடித்தார்கள். அந்தப் பத்து வருடத்தில் ஒரு மாணவனுக்கு எத்தனை பேப்பர் வந்திருக்கும்? இன்றைக்கும் இருபத்தைந்து படியில் செய்ய வேண்டிய ஒரு இயற்கைச் சேர்மத்தை எடுத்தால், பதினெட்டாம் படியில் மாட்டிக்கொண்டு ஒன்றரை வருடம் போய்விடும். வெளியே பார்த்தால் அந்த ஒன்றரை வருடம் வெற்றிடம்.

எச்-இண்டெக்ஸை 2005இல் முன்வைத்த ஹோர்ஹே ஹிர்ஷ் ஒரு இயற்பியலாளர். இருபது வருடத்தில் எச் 20 இருந்தால் வெற்றிகரமான ஆள் என்று அவர் சொன்னது இயற்பியலுக்கு. துறை மாறினால் கணக்கும் மாறும் என்று அந்தக் கட்டுரையிலேயே எழுதியிருக்கிறார். எச்சை மட்டும் எடுத்துக்கொண்டு அந்த எச்சரிக்கையை விட்டுவிட்டோம். இது சறுக்கும், கெடுதலும் செய்யும் என்று 2020இல் அவரே எழுதினார். அதற்குள் எல்லா விண்ணப்பத்திலும் அந்தக் கட்டம் வந்துவிட்டது.

நானோவாசி | செவ்வாய், காலை 9.02

துறைக்கேற்ப மாற்றும் அளவும் இருக்கிறதே. ஃபீல்டு வெயிட்டட் சைட்டேஷன் இம்பாக்ட். அதே துறை, அதே வருடம், அதே வகைக் கட்டுரையின் உலகச் சராசரி 1. உங்களுடையது 1.3 என்றால் சராசரியைவிட முப்பது சதவீதம் மேலே. குடுவை அதையும் பார்க்கலாம்.

நூலகவாசி | செவ்வாய், காலை 9.30

பார்க்கலாம், நல்ல யோசனைதான். ஆனால் 11 கட்டுரைக்கு அந்தச் சராசரி நிலையாக நிற்காது. ஒரு கட்டுரை தூக்கினால் 2 ஆகும், அது பட்டியலிலிருந்து போனால் 0.8 ஆகும். நிறையக் கட்டுரை உள்ள துறைக்கோ பெரிய குழுவுக்கோ பொருந்தும்.

இன்னொன்று. குடுவை தன் ரிவ்யூவை நினைத்து ரொம்ப வருத்தப்படுகிறார். நேற்று இரவு அந்த வரிசையைக் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். 96ஐ அடியோடு நீக்கிவிடுங்கள். மிச்சம் 41, 23, 18, 12, 9, 7, 7, 5, 3, 1, 0. ஏழாவது இடத்தில் நிற்பது 7. எச் அப்போதும் 7தான்! ஒரு புள்ளிகூடக் குறையவில்லை. மொத்தம் 222லிருந்து 126 ஆகிறது. சராசரி 18.5லிருந்து பதினொன்றரைக்கு இறங்குகிறது. எச் மட்டும் அசையவில்லை. ஒரே ஒரு பெரிய கட்டுரையை வைத்து எச்சை ஏற்ற முடியாது. அந்த ஒன்றை எடுத்துவிட்டாலும் அது ஒன்றுக்கு மேல் இறங்காது. அதன் பலம் அதுதான்.

பலவீனமும் அதேதான். அந்த 96 நாளைக்கே 9,600 ஆனாலும் எச் 7தான்.

படிகம் | செவ்வாய், மதியம் 1.10

9,600 என்றதும் எங்கள் ஊர்க்கதை ஞாபகம் வருகிறது. ஊர் என்றால் கிரிஸ்டலோகிராஃபி, படிகங்களை ஆராயும் துறை.

எக்ஸ்ரே தரவிலிருந்து மூலக்கூறின் அமைப்பைக் கணக்கிட்டு எடுக்க ஷெல்எக்ஸ் என்ற மென்பொருளை ஜார்ஜ் ஷெல்ட்ரிக் பல வருடமாகக் கொடுத்துவந்தார். 2008இல் அதன் வரலாற்றை ஒரு கட்டுரையாக எழுதி, மென்பொருளைப் பயன்படுத்துபவர்கள் பொதுவாக இதை மேற்கோள் காட்டலாம் என்று சுருக்கத்திலேயே சொல்லிவிட்டார். உலகத்தில் படிகம் வளர்க்கிற அத்தனை பேரும் காட்டினோம். அது வந்த ஜர்னல் ஆக்டா கிரிஸ்டலோகிராஃபிகா ஏ. அதன் இம்பாக்ட் ஃபேக்டர் (ஜர்னலின் ஒரு கட்டுரைக்குச் சராசரியாக எத்தனை சைட்டேஷன் என்ற கணக்கு) 2008இல் 2.051. 2009இல் 49.926. அந்த வருடப் பட்டியலில் நேச்சரே அதற்குக் கீழே!

இம்பாக்ட் ஃபேக்டர் முந்தைய இரண்டு வருடக் கட்டுரைகளை மட்டும்தான் பார்க்கும். 2008 கட்டுரை 2009க்கும் 2010க்கும் கணக்கில் வந்தது. 2011இல் வெளியே போனது. ஜர்னல் திரும்ப 2ஐ ஒட்டி வந்து நின்றது. அந்த இரண்டு வருடத்தில் அதே ஜர்னலில் எழுதிய மற்றவர்கள் தங்கள் பயோடேட்டாவில் "இம்பாக்ட் ஃபேக்டர் 49" என்று போட்டுக்கொண்டிருப்பார்கள். நான் ஒருவரையாவது பார்த்தேன் :)

மூன்றாம்_ரிவ்யூவர் | செவ்வாய், மதியம் 1.25

அந்த ஒருவர் நீங்கள்தானே?

படிகம் | செவ்வாய், மதியம் 1.26

வழக்கறிஞர் இல்லாமல் பதில் சொல்ல மாட்டேன்.

சிலிக்கா_ஜெல் | செவ்வாய், மாலை 6.20

கருவி, முறை, மென்பொருள் பற்றிய கட்டுரைகளுக்கு எப்போதும் இந்த அதிர்ஷ்டம் உண்டு. உலகத்திலேயே அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரை புரதத்தின் அளவை நிறம் பார்த்துக் கண்டுபிடிக்கும் லௌரி முறை, 1951. 2014இல் நேச்சர் எண்ணியபோதே மூன்று லட்சத்தைத் தாண்டியிருந்தது. டிஎன்ஏயின் இரட்டைச் சுருளைக் காட்டிய கட்டுரை இந்த வரிசையில் நூற்றுக்குள்கூட வராது.

இதற்கு நேர் எதிர்க் கதையும் உண்டு. கிராஃபைட்டிலிருந்து ஆக்சைடு செய்ய ஹம்மர்ஸும் ஆஃபமனும் 1958இல் ஜாக்ஸ் என்ற அமெரிக்க வேதியியல் ஜர்னலில் ஒரே ஒரு பக்கம் எழுதினார்கள். அது நாற்பது வருடத்துக்கு மேல் தூங்கியது. 2004இல் கிராஃபீன் என்ற ஒற்றை அணு தடிப்புள்ள கார்பன் தாள் வந்த பிறகு, அதைக் குடுவையில் செய்ய நினைத்த ஒவ்வொருவரும் அந்த ஒரு பக்கத்தைத் தேடி எடுத்தார்கள். இன்றைக்கு அது வேதியியலில் அதிகம் மேற்கோள் காட்டப்படும் கட்டுரைகளில் ஒன்று. 1966இல் ஹம்மர்ஸ் குடுவையின் விண்ணப்பத்தை நிரப்பியிருந்தால் என்ன எழுதியிருப்பார்?

குடுவை250 | புதன், இரவு 11.55

எல்லோருக்கும் நன்றி. நேற்றும் இன்றும் ஒரு பைத்தியக்கார வேலை செய்தேன். 41 சைட்டேஷன் உள்ள கட்டுரையை எடுத்துக்கொண்டு, அதை மேற்கோள் காட்டிய 41ஐயும் ஒவ்வொன்றாகத் திறந்து, எங்கே, எதற்காகக் காட்டியிருக்கிறார்கள் என்று பார்த்தேன். அது தாமிர வினையூக்கி வைத்து இண்டோல் என்ற மூலக்கூறு வளையத்தை மூடும் முறை. ரிவ்யூ மாதிரி இல்லை, நான் கையால் செய்த வேலை.

9 எங்களுடையதே. நானோ கைடோ கூட எழுதியவர்களோ.

24 கட்டுரைகளில் முன்னுரையின் இரண்டாவது வாக்கியத்தில் இருக்கிறேன். "இண்டோல்கள் மருத்துவ வேதியியலில் முக்கியமானவை, இவற்றைச் செய்யப் பல வழிகள் உண்டு" என்று எழுதி, மேற்கோள் எண் 8 முதல் 21 வரை என்று ஒரு கொத்து. அந்தக் கொத்தில் நான் 15 அல்லது 17. கட்டுரையைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

3 பேர் தாமிரத்துக்குப் பதில் பல்லேடியம் என்று எழுதியிருக்கிறார்கள். மூவரும் ஒரே தவறை ஒரே சொற்களில் செய்திருப்பதால், முதலாமவரிடமிருந்து மற்ற இருவரும் எடுத்திருக்க வேண்டும்.

4 பேர் நிஜமாகவே செய்து பார்த்திருக்கிறார்கள். ஒருவர் கிராம் அளவில். அவருடைய சப்போர்ட்டிங் இன்ஃபர்மேஷனில், அதாவது கட்டுரையோடு தரும் செய்முறை இணைப்பில், என் புரோசீஜர் இருக்கிறது. நான் செய்த அதே வரிசையில், ஒரு சின்ன மாற்றத்தோடு. அதைப் படித்தபோது கொஞ்ச நேரம் ஒன்றும் ஓடவில்லை.

கடைசி ஒன்றுதான் தூக்கத்தைக் கெடுத்தது. நான் 82 சதவீதம் ஈல்டு (கிடைக்க வேண்டிய விளைபொருளில் நிஜமாகக் கிடைத்த பங்கு) என்று எழுதியிருந்தேன். அவர்களுக்கு 30தான் வந்ததாம். "எங்கள் கையில் இம்முறை திருப்தியாக அமையவில்லை" என்று மரியாதையாக ஒரு வரி. என் பழைய நோட்புக்கை எடுத்துப் பார்த்தேன். வினையைத் தொடங்கும் முன் கரைப்பானுக்குள் இருபது நிமிடம் நைட்ரஜன் விட்டு ஆக்சிஜனை வெளியேற்றியிருக்கிறேன். எங்கள் லேபில் எல்லோரும் எல்லாவற்றுக்கும் செய்வதால், அதைக் கட்டுரையில் எழுதவே தோன்றவில்லை. சப்போர்ட்டிங் இன்ஃபர்மேஷனில் அந்த வரி இல்லை.

இந்த ஐவரும், பல்லேடியக்காரர்களும், அந்த இருபத்துநான்கு கொத்தும், ஸ்காலருக்கு எல்லாம் ஆளுக்கு ஒன்றுதான்.

சிலிக்கா_ஜெல் | வியாழன், காலை 6.45

இந்த இழையிலேயே உருப்படியான பதிவு இதுதான்.

ஆர்கானிக் சிந்தஸிஸ் என்று உங்கள் துறையின் பெயரிலேயே ஒரு வெளியீடு உண்டு, தெரிந்திருக்கும். 1921லிருந்து வருகிறது. நீங்கள் அனுப்பும் செய்முறையை ஆசிரியர் குழுவில் ஒருவருடைய லேபில் அப்படியே செய்து பார்ப்பார்கள். ஈல்டு ஒத்து வந்தால்தான் அச்சேறும். எத்தனை முனைக் குடுவை, கலக்கியின் அளவு, எந்த நிமிடத்தில் நிறம் மாறும் என்பது வரை குறிப்பு இருக்கும். அதன் இம்பாக்ட் ஃபேக்டரைக் கேட்டு யாரும் மிரளமாட்டார்கள். ஆனால் ராத்திரி பதினோரு மணிக்கு வினை சொதப்பும்போது நான் திறப்பது அதைத்தான்.

நானோவாசி | வியாழன், காலை 8.10

குடுவை, செவ்வாயன்று நான் சொன்னது கொஞ்சம் அதிகம்தான். உங்கள் பதிவைப் படித்துவிட்டு என்னுடைய ஒரு கட்டுரையை அதே மாதிரி திறந்து பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். 210 சைட்டேஷன். முதல் முப்பதைத் திறந்தேன். இருபத்தெட்டு பேர் "சமீப காலத்தில் பெரும் கவனம் பெற்றுள்ளது" என்ற வாக்கியத்தில் காட்டியிருந்தார்கள். அதற்கு மேல் திறக்கவில்லை.

ஆனாலும் என் வாதத்தை விடமாட்டேன். பிழை உள்ள அளவுகோலைவிட அளவுகோலே இல்லாதது மோசம்.

கொதிகல் | வியாழன், காலை 10.30

இத்தனை நாளும் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். செல்ஃப் சைட்டேஷன், அதாவது தன் கட்டுரையைத் தானே மேற்கோள் காட்டுவது பற்றி ஒரு வார்த்தை. 41இல் 9 என்பது ஒன்றும் தப்பில்லை. ஒரே வேலையைத் தொடர்ந்து செய்பவர் முந்தைய கட்டுரையைக் காட்டாமல் எப்படி எழுதுவார்? எனக்கு எரிச்சல் தருவது வேறொன்று. போன வருடம் என் கட்டுரையை வெளியிடும் முன் படித்துப் பார்த்த ரிவ்யூவரின் அறிக்கையில் இரண்டே குறிப்புகள். ஒன்று, ஆங்கிலத்தைத் திருத்துக. இரண்டு, கீழ்க்காணும் ஆறு கட்டுரைகளைச் சேர்த்தால் முன்னுரை வலுப்பெறும். ஆறிலும் ஒரு பெயர் பொது. எடிட்டருக்கு எழுதினேன், சேர்க்க வேண்டியதில்லை என்றார். எழுதியிருக்காவிட்டால் அந்த நபருக்கு அன்றைக்கு ஆறு சைட்டேஷன் கிடைத்திருக்கும். நானும் மூன்று முறை முன்பு பேசாமல் சேர்த்திருக்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மூன்றாம்_ரிவ்யூவர் | வியாழன், காலை 10.41

என் பெயரைக் கெடுக்கிறார்கள்.

படிகம் | வியாழன், மதியம் 12.15

உலகின் முதல் இரண்டு சதவீத விஞ்ஞானிகள் என்று வருடா வருடம் செய்தி வருகிறதே, அதில் இதற்கு ஏதாவது வழி வைத்திருக்கிறார்களா? எங்கள் துறையில் இருவர் பெயர் வந்தது, வாசலில் பேனர் கட்டாத குறை.

நூலகவாசி | வியாழன், மாலை 5.50

அது ஸ்டான்ஃபோர்டின் ஜான் அயோனிடிஸும் கூட்டாளிகளும் ஸ்கோபஸ் தரவை வைத்து 2019இல் தொடங்கிய பட்டியல். வெறும் மொத்த சைட்டேஷன் இல்லை. ஆறு அளவுகளைச் சேர்த்த ஒரு கூட்டெண். தனியாக எழுதியது, முதல் ஆசிரியராக எழுதியது, கடைசி ஆசிரியராக எழுதியது ஆகியவற்றுக்குத் தனி இடம் உண்டு. அதனால் ஐம்பது பேர் கட்டுரையில் நடுவில் பெயர் இருப்பவர் அவ்வளவு மேலே வரமாட்டார். செல்ஃப் சைட்டேஷன் சேர்த்தும் சேர்க்காமலும் கணக்கிட்டிருக்கிறார்கள், அது எத்தனை சதவீதம் என்று ஒரு நெடுவரிசையும் இருக்கிறது. எக்செல்லைத் திறந்து அந்த நெடுவரிசையைப் பார்ப்பவர்கள்தான் குறைவு. வாழ்நாள் பட்டியல் வேறு, ஒரு வருடப் பட்டியல் வேறு. செய்தி இரண்டையும் ஒன்றாக்கிவிடும்.

வெப் ஆஃப் சயின்ஸை நடத்தும் கிளாரிவேட் வெளியிடும் ஹைலி சைட்டட் பட்டியல் இன்னொன்று. துறைவாரியாக, அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட ஒரு சதவீதக் கட்டுரைகளை எழுதியவர்கள் அதில் வருவார்கள். 2023இல் சந்தேகத்துக்குரிய போக்கு தெரிகிறது என்று ஆயிரம் பேருக்கு மேல் நீக்கினார்கள். கணிதத் துறையையே அந்த வருடம் வெளியிடவில்லை. அதே 2023இல் ஸ்பெயினில் ஒரு வேதியியலாளர் செய்தியில் அடிபட்டார். முதல் மூன்று மாதத்தில் 58 கட்டுரை, கணக்குப் போட்டால் 37 மணி நேரத்துக்கு ஒன்று. அவரைப் பல்கலைக்கழகம் 13 வருடம் சம்பளமில்லாமல் விலக்கிவைத்தது. அத்தனை எழுதியதற்காக இல்லை. முழுநேர வேலை இங்கே, கட்டுரையில் போடும் முகவரி வேறு நாடுகளில் என்று இருந்ததற்காக. அதிகம் மேற்கோள் காட்டப்படுபவரின் முகவரிக்கு மதிப்பு உண்டு. பல்கலைக்கழகங்களின் தரவரிசை அதை வைத்து ஏறும்.

மேசைக்கு_அந்தப்பக்கம் | வியாழன், இரவு 9.05

இரண்டு மூன்று தேர்வுக் குழுக்களில் உட்கார்ந்தவன். அங்கே நிஜமாக நடப்பதைச் சொல்கிறேன்.

நூற்றிருபது விண்ணப்பம் வரும். முதல் சுற்றில் எண்ணைப் பார்க்கிறோம். பார்ப்பதில்லை என்று சொன்னால் பொய். ஆனால் அது வெளியே தள்ளுவதற்கான பார்வை. அதே துறையில் மற்றவர்கள் இருக்கும் இடத்துக்கு ரொம்பக் கீழே இருந்தால் மட்டுமே இடிக்கும். சிந்தஸிஸில் எட்டு வருடத்துக்கு 6 அல்லது 7 என்பது இடிக்காது.

இரண்டாம் சுற்றில் நான் முதலில் தேடுவது நட்சத்திரக் குறி. வேதியியலில் கரெஸ்பாண்டிங் ஆசிரியர், அதாவது கட்டுரைக்குப் பொறுப்பேற்பவர், பெயருக்கு மேல் போடுவார்களே, அது. கைடும் போஸ்ட்டாக் தலைவரும் இல்லாமல் நீங்கள் நட்சத்திரத்தோடு எழுதிய கட்டுரை எத்தனை? அது பட்டியலில் எந்த வருடத்தில் தொடங்குகிறது? இரண்டே இருந்தாலும் பரவாயில்லை, எச் ஏழா ஒன்பதா என்பதைவிட அது எனக்கு அதிகம் சொல்லும்.

பிறகு, ஆய்வை எப்படி மதிப்பிட வேண்டும் என்று சொல்லும் டோரா பிரகடனத்தில் கையெழுத்திட்ட இடங்களில் ஜர்னல் இம்பாக்ட் ஃபேக்டரை ஆளுக்கு மார்க் போடப் பயன்படுத்தக் கூடாது என்பது விதி. அதற்குப் பதில் ஐந்து கட்டுரைகளைத் தேர்ந்தெடுத்து ஒவ்வொன்றுக்கும் மூன்று நான்கு வரி எழுதச் சொல்வது பரவிவருகிறது. உங்கள் விண்ணப்பத்தில் அப்படி ஒரு இடம் இருக்கும், பாருங்கள். முக்கால்வாசிப் பேர் அங்கே ஜர்னல் பெயரையும் இம்பாக்ட் ஃபேக்டரையும் திரும்ப எழுதிவைப்பார்கள். நீங்கள் புதனன்று இங்கே எழுதியதை அங்கே எழுதுங்கள். அந்தக் கிராம் அளவு, நான்கு லேப்.

குடுவை250 | வியாழன், இரவு 10.30

முப்பது சதவீதம் வந்தவரையுமா?

மேசைக்கு_அந்தப்பக்கம் | வியாழன், இரவு 10.38

நான் குழுவில் இருந்தால் அதைத்தான் முதலில் கேட்டுப் பேசுவேன். எல்லாக் குழுவும் அப்படி என்று சொல்லமாட்டேன். உங்கள் விருப்பம்.

நானோவாசி | வியாழன், இரவு 10.52

விண்ணப்பத்தில் எழுத வேண்டாம். நேர்காணலில் கேட்டால் சொல்லுங்கள். படிக்கிறவர் எந்த மனநிலையில் படிப்பார் என்று யாருக்குத் தெரியும்?

சிலிக்கா_ஜெல் | வெள்ளி, காலை 6.30

நான் எழுதச் சொல்வேன். ஆனால் நான் ஓய்வு பெற்றாகிவிட்டது, இழக்க ஒன்றுமில்லை. அதனால் என் பேச்சைக் கேட்காதீர்கள்.

குடுவை250 | ஞாயிறு, இரவு 8.15

அனுப்பிவிட்டேன். என்ன செய்தேன் என்று சொல்லிவிடுகிறேன், பின்னால் இதே கேள்வியோடு யாராவது வந்தால் உதவும்.

வெப் ஆஃப் சயின்ஸில் நான் இரண்டு ஆளாகத்தான் இருந்தேன். ஆர்கிட் பக்கத்தில் எல்லாவற்றையும் சேர்த்து, அங்கே போய் இரண்டு பக்கத்தையும் இணைக்கச் சொல்லிக் கேட்டேன். இன்று காலை பார்த்தால் 11 கட்டுரை, எச் 6. ஸ்கோபஸும் 6. கட்டத்தில் ஸ்கோபஸ் எண்களைத் தளத்தின் பெயரோடும் தேதியோடும் எழுதினேன். ஸ்காலரின் 7 எங்கேயும் இல்லை. பக்கத்து லேப் நண்பர் தலையில் அடித்துக்கொண்டார்.

ஐந்து கட்டுரைக்கான இடம் இருந்தது, ஆறாம் பக்கத்தில். ரிவ்யூவை அதில் சேர்க்கவில்லை. நட்சத்திரத்தோடு எழுதியவை மூன்று, அவை முதலில். தாமிரக் கட்டுரைக்கு நான்கு லேப், கிராம் அளவு என்று எழுதி, "ஒரு குழுவுக்கு ஈல்டு குறைந்தது, ஆக்சிஜன் நீக்கும் படியை நான் எழுதாமல் விட்டதே காரணமாக இருக்கலாம், திருத்தம் அனுப்பியுள்ளேன்" என்று ஒரு வரி சேர்த்தேன். அந்த வரியை நான்கு முறை அழித்து ஐந்து முறை எழுதினேன்.

திருத்தமும் நிஜமாகவே அனுப்பிவிட்டேன். கைடிடம் முதலில் கேட்டேன். பத்து வருடம் கழித்து இது எதற்கு என்றார், பிறகு சரி என்றார். முப்பது சதவீதக் குழுவுக்கும் மெயில் போட்டேன், இன்னும் பதில் இல்லை.

ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி, நூலகவாசி. ஜர்னல் அந்தத் திருத்தத்துக்குத் தனி டிஓஐ (கட்டுரையின் நிரந்தர இணைய அடையாள எண்) கொடுக்குமாம். அப்படியென்றால் அது தனிக் கட்டுரையாகக் கணக்காகுமா?

நூலகவாசி | ஞாயிறு, இரவு 8.40

ஸ்காலரில் ஆகும். 13 என்று காட்டும். உள்ளே போய் நீங்களே மெர்ஜ் செய்துவிடுங்கள்.